மைதானத்தோடு நிற்கும் அட்டை: விளையாட்டுச் செய்தி அனுமதியும் மூதூர், தோப்பூர் 2006உம்

2006 ஓகஸ்ட் 4ஆம் திகதி கொழும்பு பி. சரா ஓவல் மைதானத்தில் தென்னாபிரிக்காவுக்கு எதிரான இலங்கையின் இரண்டாவது டெஸ்ட் தொடங்கியது. முதல் டெஸ்டில் மஹேல ஜயவர்தனவும் குமார் சங்கக்காரவும் இணைந்து 624 ஓட்டங்கள் குவித்த செய்தி உலகெங்கும் போயிருந்தது. அதே 4ஆம் திகதி, திருகோணமலை மாவட்டத்து மூதூரில் பட்டினி ஒழிப்புக்கான பிரெஞ்சுத் தொண்டு நிறுவனம் ஒன்றின் உள்ளூர்ப் பணியாளர் 17 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். மாவிலாறு மதகை விடுதலைப் புலிகள் மூடியதில் மூண்ட சண்டை கொட்டியாரக் குடாவின் தென்கரையை எட்டியிருந்தது. மூதூர், தோப்பூர் மக்கள் உடுத்த துணியோடு கந்தளாய்க்கு ஓடினார்கள். கொழும்பில் ஒரு பந்துகூடத் தவறாமல் பதிவாயிற்று. மூதூருக்குள் போகப் போர்நிறுத்தக் கண்காணிப்புக் குழுவுக்கே தடை.

இந்த இடைவெளியை விளங்கிக்கொள்ள மூன்று அனுமதிகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும்: அரசு தரும் வீசா, போட்டி அமைப்பாளர் தரும் அங்கீகார அட்டை, நாட்டுக்குள் நடமாடும் உரிமை.

முதல் இரண்டையும் ஒலிம்பிக் இயக்கம் ஒன்றாக்கியது. ஒலிம்பிக் சாசனத்தின்படி, அங்கீகார அட்டையும் கடவுச்சீட்டும் கையில் இருந்தால் போட்டிக் காலத்தில் அதை நடத்தும் நாட்டுக்குள் நுழையலாம். கிரிக்கெட்டுக்கு அப்படியொரு ஏற்பாடு வாய்க்கவில்லை. 2023 உலகக் கிண்ணத்தின்போது பாகிஸ்தான் ஊடகவியலாளர்கள் இந்திய வீசாவுக்காகக் காத்துக் கிடந்ததும், பாகிஸ்தான் கிரிக்கெட் சபை அதுபற்றி முறையிட்டதும் அதன் விளைவே.

மூன்றாவதில் பெரிய மாற்றம் பெய்ஜிங் ஒலிம்பிக்கையொட்டி வந்தது. 2007 ஜனவரி 1 முதல், பேட்டி கொடுப்பவர் சம்மதித்தாலே போதும், வெளிநாட்டுச் செய்தியாளர்கள் உள்ளூர் அதிகாரிகளிடம் முன்னனுமதி பெற வேண்டாம் என்று சீனா விதியைத் தளர்த்தியது. 2008 ஒக்டோபர் 17இல் முடியவேண்டிய அந்தத் தளர்வு அன்றே நிரந்தரமானது. திபெத்துக்கு மட்டும் தனி அனுமதி தொடர்ந்தது. எனக்கு இதில் முக்கியமாகப் படுவது அந்த விலக்குத்தான். உலகம் பார்க்கவேண்டிய இடத்தின் வாசலில்தான் விதி நின்றுவிட்டது.

இலங்கையில் அத்தகைய தளர்வுகூட வரவில்லை. 1996 மார்ச்சில் உலகக் கிண்ணத்தை வென்ற நாடு, ஏப்ரலில் இராணுவச் செய்திகளுக்குத் தணிக்கை விதித்தது. 2013 நவம்பரில் பொதுநலவாய உச்சிமாநாட்டுக்கு முறையான அங்கீகாரத்துடன் வந்த பிரித்தானியத் தொலைக்காட்சியான சனல் 4இன் குழு வடக்கே கிளிநொச்சிக்கு ரயிலேறியபோது, அனுராதபுரத்தில் ஆர்ப்பாட்டக்காரர்கள் ரயிலை மறித்தனர். குழு கொழும்புக்கே திருப்பி அனுப்பப்பட்டது. மறு ஆண்டு ஒக்டோபரில், வெளிநாட்டுக் கடவுச்சீட்டுடன் வடக்கே போவோர் பாதுகாப்பு அமைச்சின் அனுமதி பெறவேண்டும் என்ற விதி மீண்டும் வந்தது. 2015 ஜனவரியில் ஆட்சி மாறிய பின்னரே அது நீங்கியது.

போட்டியை நடத்த ஒப்பந்தம் செய்யும் நாடு, அங்கீகாரம் பெற்ற செய்தியாளருக்கு நாடு முழுவதும் போய்வரும் உரிமையையும் அதே ஒப்பந்தத்தில் எழுதித் தரவேண்டும். சர்வதேச கிரிக்கெட் பேரவை அதை நிபந்தனையாகவே வைக்கலாம்.

ஓகஸ்ட் 8ஆம் திகதி பி. சரா ஓவலில் இலங்கை ஒரு விக்கெட்டால் வென்றது. தோப்பூர்ச் சனங்கள் அப்போதும் கந்தளாயில் அகதிகளாய் இருந்தார்கள்.