ஓரத்துக்கு நகர்ந்தவர்



1583-இல் மத்தேயோ ரிச்சி என்னும் இத்தாலிய மிஷனெரி சீனாவின் சாவோசிங் நகரில் குடியேறினார். அவர் வீட்டுச் சுவரில் உலக வரைபடம் ஒன்று தொங்கியது. தங்கள் தேசத்தை 'நடுநாடு' என்று அழைத்த சீனருக்கு, அது கிழக்கு ஓரத்தில் இருந்தது மனத்தாங்கலாயிற்று. ரிச்சி வாதாடவில்லை. உருண்டையான பூமியின்மேல் எவ்விடத்தையும் நடுவாகக் கொள்ளலாம் என்று அறிந்திருந்தார். 1602-இல் பெய்ஜிங்கில் அச்சான அவரது சீனமொழிப் படத்தில் சீனா நடுவுக்கு அருகே வந்தது. அவருடைய தாய்நாடோ மேற்கு ஓரத்துக்குச் சென்றது. ஆயினும் பூமி உருண்டை என்பதையோ பிற கண்டங்களையோ அவர் மறைக்கவில்லை.

உண்மையை விடவில்லை, தம் இடத்தையே விட்டுக்கொடுத்தார். சுவிசேஷம் சொல்லச் செல்லும் நாம், பிறரை எந்த ஓரத்தில் வைத்திருக்கிறோம்? நகர்ந்து இடங்கொடுக்கும் தாழ்மையைக் கர்த்தர் நமக்கு அருள்வாராக. ஆமென்.