ரஆத் மீனும் முதியோர் நினைவாற்றலும்

அரபு மொழியில் 'ரஃது' என்றால் இடி. அவ்வேரிலிருந்து பிறந்த 'ரஆத்' என்னும் சொல், தொட்டவரை நடுங்கச் செய்யும் நைல் நதி மீனொன்றின் பெயராகும். பக்தாதில் 1162இல் பிறந்த மருத்துவப் பேரறிஞர் அப்துல் லத்தீஃப், எகிப்தைப் பற்றிய தமது நூலில் இம்மீன் தரும் நடுக்கத்தையும் மரமரப்பையும் பதிவு செய்துள்ளார். ரோமானிய மருத்துவர் ஸ்க்ரிபோனியஸ் லார்கஸோ முதலாம் நூற்றாண்டிலேயே, கடல்வாழ் மின்மீனை உயிருடன் தலைமீது வைத்துத் தலைவலியைப் போக்கலாம் என எழுதினார். அது மின்சாரமே எனத் தெளிவாகப் பதினெட்டாம் நூற்றாண்டு வரை காத்திருக்க நேர்ந்தது.

மீனிடம் அளவு கேட்க முடியாது. இன்றைய முறையின் சிறப்பு அளவில்தான் உள்ளது. 1985இல் ஷெஃபீல்டில் ஆந்தனி பார்க்கர் குழுவினர் மண்டையோட்டைத் திறவாமலே காந்தத் துடிப்பால் மூளையைத் தூண்டினர். 2000இல் ஜெர்மனியின் கோட்டிங்கனில் நிட்ஷேயும் பாலஸும் ஏறத்தாழ ஒரு மில்லி ஆம்பியர் மின்னோட்டமே போதும் எனக் காட்டினர்.

மனனம் செய்த அத்தியாயங்கள் முதுமையில் நழுவும் வேதனையை நம் ஹாஃபிழ்கள் அறிவர். அத்தகையோருக்கு பாஸ்டன் பல்கலைக்கழகத்தார் 2022இல் வெளியிட்ட ஆய்வு ஆவலூட்டும். 65 முதல் 88 வயது வரையிலான 150 பேர் அதில் பங்கேற்றனர். நாளொன்றுக்கு 20 நிமிடமாக, நான்கு நாள்கள் மென்மின்னோட்டம் பெற்றவர்களிடம் சொற்பட்டியலை நினைவுகூரும் திறன் கூடியது. ஒரு மாதம் கழித்தும் அது நிலைத்தது. மூளையின் முன்பகுதிக்கும் பக்கப்பகுதிக்கும் உரிய அலைவரிசைகளை இடம் மாற்றித் தந்தபோதோ பயன் ஏதும் இல்லை. அவர்கள் மறதிநோய் இல்லாதவர்கள் என்பதையும், இவ்வகை ஆய்வுகளின் முடிவுகள் ஒன்றுபோல் அமைவதில்லை என்பதையும் மறைத்து எழுதுவது நேர்மையாகாது.