இரங்கூனில் எண்ணப்பட்ட தலைகள்

பசுமலையிலிருந்து திருப்பரங்குன்றம் செல்லும் சாலையோரக் கட்டுமானங்களில் இந்தியும் வங்காளமும் ஒலிக்கக் கேட்போர், ஊரே வடநாட்டவர் கைக்குப் போய்விட்டதாகக் குறைபட்டுக்கொள்வதை நாம் செவியுறுகின்றோம். எத்தனை பேர் வந்துள்ளனர் என்று எவரும் எண்ணிச் சொல்வதில்லை. இதே குற்றச்சாட்டு, மதுரை, இராமநாதபுரம் சீமைகளிலிருந்து நம் பாட்டனார்கள் கப்பலேறிச் சென்ற பர்மாவில் நம்மவர் மீதே சுமத்தப்பட்டது.

1931ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி பர்மாவின் மக்கள்தொகை ஏறத்தாழ 1 கோடியே 46 லட்சம். அவர்களுள் இந்தியர் 10 லட்சத்துச் சொச்சம். அதாவது நூற்றுக்கு 7 பேர். ஆனால் தலைநகராம் இரங்கூனில் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியரே. துறைமுகம், ஆலை, கடைவீதி எங்கும் அவர்கள் தென்பட்டனர். தலைநகரைக் கண்டவர்கள் நாடு முழுவதையும் அவ்வாறே கருதினர். இம்மயக்கம் பர்மியருக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் சட்டப்படி குடியேறியோர் நூற்றுக்கு 10 பேராக இருக்க, மக்களோ சராசரியாக 36 பேர் என மதிப்பிட்டதை 2018இல் வெளியான ஹார்வர்டு பொருளியலாளரின் ஆய்வு காட்டுகிறது.

பர்மியரின் குமுறலில் உண்மையே இல்லை என்று நாம் கூறவில்லை. நெல் விளையும் முதன்மையான 13 மாவட்டங்களில் செட்டியார்கள் வசமிருந்த நிலம் 1930இல் 6 விழுக்காடு. 1937இல் அது 25 விழுக்காடாயிற்று. எனினும், இது குடியேற்றம் பெருகியதால் நேர்ந்ததன்று. உலகப் பெருமந்தத்தில் நெல் விலை சரிந்தது. கடனை அடைக்க இயலாத உழவர்கள் நிலத்தை இழந்தனர். வட்டிக்கடைக்குத் திரும்ப வேண்டிய பணத்துக்கு ஈடாக நிலமே வந்து சேர்ந்தது.

ஆனால் அடி விழுந்தது யார்மீது? 1930 மே மாதத்தில் தெலுங்குத் துறைமுகக் கூலிகள் ஊதிய உயர்வு கோரி வேலைநிறுத்தம் செய்தனர். முதலாளிகள் பர்மியரை வேலைக்கு அழைத்தனர். நிறுத்தம் தீர்ந்ததும் அவர்களைத் திருப்பி அனுப்பினர். வெகுண்டவர்களின் கத்திக்கு இரையானவர்கள், ஒரு காணி நிலமும் இல்லாத அக்கூலிகளே. 1938 ஜூலையில், முஸ்லிம் ஒருவர் எழுதிய நூல் பௌத்தத்தை இழிவுபடுத்துவதாகக் கிளம்பிய கலவரத்தில் முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. அதற்குப் பின்னால் நிலப் பிரச்சினையும் குடியேற்ற அச்சமும் இருந்ததை விசாரணைக் குழு கண்டது.

அதன் விளைவாகக் குடியேற்றத்தை ஆராய ஜேம்ஸ் பாக்ஸ்டர் நியமிக்கப்பட்டார். இந்தியரின் உழைப்பு பர்மியரின் உழைப்பைப் பறிக்கவில்லை, அதற்குத் துணையாகவே அமைந்தது என்பது அவர் முடிவு. ஆயினும் 1941இல் குடியேற்றத்தைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று.

அவ்வாண்டு டிசம்பரில் இரங்கூன்மீது ஜப்பானியர் குண்டு வீசினர். கூலிகள் உயிர்தப்பி ஓடவே, துறைமுகத்தில் சரக்கிறக்க ஆளில்லாமற் போயிற்று.