அடியெடுத்துக் கொடுத்தல்

பாடத் தொடங்கும் புலவன் முதற்சொல் வாராது திகைத்து நிற்பதுண்டு. அந்நிலையில் பிறர் தொடக்கம் தருவதை 'அடியெடுத்துக் கொடுத்தல்' என்பது தமிழ் வழக்கு. சேக்கிழாருக்குத் தில்லைக் கூத்தனும், கச்சியப்ப சிவாசாரியாருக்குக் காஞ்சிக் குமரகோட்டத்து முருகனும் அடியெடுத்துக் கொடுத்தனர் என்பது மரபு.

இவற்றுள் கந்தபுராணத்தின் கதை ஆசிரியர்களாகிய நாம் ஊன்றி நோக்கத் தக்கது. அரங்கேற்றத்தின் முதல் நாளே, முதற் பாட்டிலேயே தடை எழுந்தது. 'திகழ்', 'தச' என்னும் சொற்கள் புணருங்கால் ழகரமும் தகரமும் டகரமாவதற்குத் தொல்காப்பியத்தில் விதி இல்லையே என்றார் ஒருவர். இறைவன் அருளிய சொல்லுக்கும் இலக்கணம் கேட்ட அவை அது! கச்சியப்பர் கலங்கினார். மறுநாள் சோழநாட்டுப் புலவர் ஒருவர் வீரசோழியத்தைக் கொணர்ந்து விதி காட்டிய பின்னரே அரங்கேற்றம் தொடர்ந்ததாம். வீரசோழியம் 11ஆம் நூற்றாண்டில் பௌத்தராகிய புத்தமித்திரனார் இயற்றியது. சைவ புராணத்துக்குப் பௌத்தர் இலக்கணம் துணை நின்றதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

தடை எழுமுன் 10,000க்கு மேற்பட்ட பாடல்கள் எழுதி முடிந்திருந்தன என்பதை மறத்தலாகாது. முதற் பாட்டு எழுதிய அன்றே அது எழுந்திருந்தால்?

எங்கள் ஜொகூர்த் தோட்டப் பள்ளியில், கட்டுரை வேளையில் வெறுந்தாளை நோக்கியிருக்கும் மாணவனுக்கு முதல் தொடரை நானே சொல்லிவிடுகிறேன். சிவப்பு மையை எடுப்பது அவன் கடைசி வரியை எழுதிய பிறகுதான்.