தேயிலைத் தூசும் தொய்வு நோயும்

இலங்கையின் மத்திய மலைநாட்டிலே, நுவரெலியா மாவட்டத்தில், தலவாக்கலைக்கு அணித்தாய் அமைந்தது பூண்டுலோயா. டன்சினன் அருவியும் அதனைச் சூழ்ந்த தேயிலை மலைகளும் அவ்வூருக்கு அணி செய்வன. உலக விஞ்ஞான நூல்களிலும் இவ்வூர்ப் பெயர் இடம்பெற்றுள்ளமையைப் பலர் அறியார். இங்கு வாழ்ந்து தோட்டத் தொழிலில் ஈடுபட்ட எட்வர்ட் ஏர்னஸ்ட் கிறீன் (1861–1949) என்பவர், செடிகளின் சாற்றை உறிஞ்சி வாழும் செதிற்பூச்சிகளை ஆராய்ந்து, 1896 முதல் 1922 வரை ஐந்து பகுதிகளாக ஒரு பெருநூலை வெளியிட்டார். அவர் முதன்முதல் விவரித்த இனங்கள் பலவற்றின் பிறப்பிடமாகப் பூண்டுலோயாவே குறிக்கப்பட்டுள்ளது. இலையில் ஒட்டி, கண்ணுக்கு எளிதிற் புலப்படாதிருந்த பூச்சிக்கும் பெயரும் படமும் கிடைத்தன. அவ்விலையைக் கொய்தும் அரைத்தும் சலித்தும் வாழ்ந்த மக்களின் மூச்சுக்கு நேர்ந்தது யாது என்னும் வினா எழுவதற்கோ நெடுங்காலம் சென்றது. அவ்வினாவின் வரலாறே ஈண்டு ஆராயப்படுகிறது.

மலைநாட்டுப் பொருளாதாரம் இலையை நம்பியது. ஆகலின் இலையின் நோய் உடனே கவனிக்கப்பட்டது. கோப்பிச் செடியைப் பற்றிய துருநோய் 1869 ஆம் ஆண்டில் இலங்கையில் தோன்றியது. அதனை ஆராய மார்ஷல் வார்ட் என்னும் தாவரவியலறிஞர் 1880 இல் இங்கிலாந்திலிருந்து அனுப்பப்பட்டார். கோப்பி அழிந்த நிலத்தில் தேயிலை ஓங்கியது. ஜேம்ஸ் டெய்லர் 1867 இல் லூல்கந்துரையில் தொடங்கிய பயிர், இருபது ஆண்டுகளுக்குள் மலைகளை மூடிற்று. 1925 இல் தேயிலை ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது. அது பின்னர்த் தலவாக்கலையிலுள்ள சென் கூம்ஸ் தோட்டத்தில் நிலைபெற்றது. மண், உரம், பூச்சி, பூஞ்சை, பதனிடுமுறை ஆகிய யாவும் அங்கு ஆராயப்பட்டன.

தொழிலாளரின் உடல்நலம் முற்றாக மறக்கப்பட்டது எனக் கூறுதல் பொருந்தாது. 1916 இல் றொக்பெல்லர் நிறுவனத்தின் துணையோடு கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கம் இலங்கையில் தொடங்கிற்று. கொக்கிப்புழு இரத்தத்தைக் குறைக்கும்; இரத்தம் குறைந்த உடல் வேலைக்கு உதவாது. அந்நோயினால் விளையும் நட்டம் கணக்கேட்டில் தெரிந்தது. மூச்சு நோயின் இயல்பு வேறு. அது மெல்ல வரும், சில நாள் தணியும், மீண்டும் எழும். இருமிக்கொண்டே ஒருவர் பல ஆண்டுகள் வேலை செய்வார். ஆகவே அது நோய் எனப் பதியப்படாமல், மலைக்குளிரின் குணம் என்றோ அவரவர் உடல்வாகு என்றோ கருதப்பட்டது.

இலங்கைத் தமிழர் தொய்வு எனக் கூறும் ஆஸ்துமாவை மலைநாட்டு மக்கள் இழுப்பு என்பர். மூக்கின் உட்புறம் அழன்று, தும்மலும் நீர்வடிதலும் அடைப்பும் உண்டாவதைச் சித்த வைத்தியம் பீனிசம் என வகுத்தது. ஆடாதோடை, தூதுவளை, கண்டங்கத்திரி முதலிய மூலிகைகள் இருமலுக்கும் இரைப்புக்கும் கைமருந்தாயின. நோயின் பெயரும் மருந்தும் மக்களுக்குத் தெரிந்திருந்தன. தொழிற்சாலைக்குள் அந்நோயை எழுப்புவது எது என்பதே தெளிவுபடாதிருந்தது.

மலைநாட்டார் ஸ்டோர் என வழங்கும் தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்து முதலில் வாட்டப்படும். பின்னர் அரைக்கப்பட்டு, நொதிக்கவைக்கப்பட்டு, வெப்பக் காற்றில் உலர்த்தப்படும். அதுவரை ஈரம் உள்ளமையால் தூசு மிகுதியாய் எழாது. உலர்ந்த இலையைச் சல்லடைகளில் இட்டுத் தரம்பிரிக்கும்போதும், பெட்டியிலும் பையிலும் அடைக்கும்போதும், கொழும்புப் பண்டகசாலைகளில் பல தரங்களைக் கலக்கும்போதுமே தூசு பெருகும். அத்தூசின் ஒரு கூறு பஞ்சு போன்றது. மொட்டிலும் இளந்தளிரிலும் உள்ள வெண்ணிற நுண்மயிர்கள் உதிர்ந்து, காற்றில் மிதந்து, சுவரிலும் கூரையிலும் படியும். நுனிமொட்டு மிகுந்த தேயிலைக்கு விலை அதிகம். அம்மொட்டின் மயிரே தொழிலாளரின் மூச்சுக்குழாயை உறுத்துவதாயிற்று.

தொழிலுக்கும் மூச்சு நோய்க்கும் உள்ள தொடர்பை உலகம் முன்னரே அறிந்திருந்தது. இத்தாலிய வைத்தியர் பெர்னார்டினோ ரமாசினி 1700 இல் வெளியிட்ட தொழில்நோய் நூலில், தானியம் சலிப்போரும் மாவரைப்போரும் தூசினால் இரைப்புறுவதை விவரித்தார். 1819 இல் லண்டனில் ஜோன் பொஸ்ரொக், கோடைதோறும் தமக்குற்ற கண்ணரிப்பு, தும்மல், மூச்சுமுட்டு ஆகியவற்றை ஒரே நோயாகத் தொகுத்துரைத்தார். சாள்ஸ் பிளாக்லி தம் உடலிலேயே சோதனை செய்து, அந்நோய்க்குப் புல்லின் மகரந்தமே காரணம் என 1873 இல் நிறுவினார். உடல் ஒரு பொருளுக்கு மாறுபட்டு எதிர்வினை புரியும் இயல்பிற்கு வியன்னாவைச் சேர்ந்த கிளெமன்ஸ் வொன் பிர்க்கே 1906 இல் பெயரிட்டார். அதுவே தமிழில் ஒவ்வாமை எனப்படுவது.

இலங்கையில் இவ்வகை நோக்கின் முதற்சுவட்டை அல்டோ கஸ்டெல்லானியின் பணியிற் காணலாம். 1903 முதல் 1915 வரை கொழும்பிற் பணியாற்றிய அவர், அல்பேர்ட் சாமர்சுடன் இணைந்து எழுதிய வெப்பமண்டல மருத்துவ நூலின் மூன்றாம் பதிப்பு 1919 இல் வெளிவந்தது. தேயிலைத் தூசினிடையே தொழில் புரிவோர்க்கு உண்டாகும் இருமல் அதில் இடம்பெற்றது. ஆயின் கஸ்டெல்லானி பூஞ்சை நோய்களில் பெரும்புலமை உடையவர். இவ்விருமலுக்கும் பூஞ்சையையே காரணமாக்கினார். தூசு பூஞ்சையைச் சுமக்கும் வாகனமாகவே அவருக்குத் தோன்றிற்று. தூசே நோயை எழுப்பக்கூடும் என்னும் கருத்து அரைநூற்றாண்டு காத்திருந்தது.

அக்கருத்தை நிலைநாட்டியவர் கொழும்பு மார்பு நோய் வைத்தியர் சி. ஜி. உரகொட. 1970 இல் பிரித்தானியத் தொழில்மருத்துவ இதழில் அவர் ஒரு சிறு கட்டுரை வெளியிட்டார். தேயிலை பதனிடுதலை மேற்பார்க்கும் டீமேக்கர் ஒருவருக்குப் பஞ்சுத்தூசினால் தொய்வு உண்டானமை அதிற் கூறப்பட்டது. கட்டுரை இரண்டே பக்கங்கள் கொண்டது. ஆயினும் நோய்க்குத் தொழிலின் பெயரை இட்டது. 1980 இல் அவர் மற்றோர் ஆய்வை வெளியிட்டார். தேயிலை கலக்கும் தொழிலாளரிடையே தொய்வும் நாட்பட்ட மூச்சுக்குழல் அழற்சியும் ஏனையோரினும் மிகுந்திருத்தலை அது காட்டிற்று. இலங்கை ஆய்வாளர் ஜயவர்தன, உடுப்பிஹில்லே ஆகியோர், தேயிலைத் தூசுக்கு ஆட்பட்ட தொழிற்சாலைத் தொழிலாளரின் மூச்சுத் திறனை அளந்து 1997 இல் எழுதினர்.

இதற்கிடையே ஒவ்வாமையின் உட்செயலும் விளங்கியது. இஷிசாக்கா தம்பதியர் அமெரிக்காவிலும், ஜொஹான்சன், பென்னிக் ஆகியோர் சுவீடனிலும், 1966, 1967 ஆம் ஆண்டுகளில் இம்யூனோகுளோபுலின் ஈ என்னும் புரதத்தை இனங்கண்டனர். ஒரு பொருளை உடல் பகையாகக் கொண்டபின், அப்பொருள் மீண்டும் உட்புகும்போது இப்புரதம் சில உயிரணுக்களைத் தூண்டும். அவை ஹிஸ்டமின் முதலியவற்றைச் சொரியும். மூக்கு அடைபடும், மூச்சுக்குழாய் சுருங்கும். கனடாவின் மொன்றியலில் கார்ட்டியே, மாலோ ஆகியோர் 1990 இல் தேயிலைத் தூசினாலாகும் தொழில்முறைத் தொய்வை விவரித்தனர். பச்சைத் தேயிலைத் தூசினால் தொய்வுற்றோரை ஆராய்ந்த யப்பானியர், இலையிலுள்ள கற்றெச்சின் வகைப் பொருளொன்றே முதன்மைக் காரணம் என 1994 இல் அறிவித்தனர்.

ஈண்டு ஒரு வியப்பும் குறிப்பிடத்தக்கது. 1888 இல் அல்பிரெக்ற் கொசெல் என்னும் ஜேர்மானிய அறிஞர் தேயிலையிலிருந்து தியோபிலின் என்னும் பொருளைப் பிரித்தெடுத்தார். சுருங்கிய மூச்சுக்குழாயை விரிக்கும் ஆற்றல் அதற்கு உண்டு. 1922 இல் அது தொய்வுக்கு மருந்தாகப் பரிந்துரைக்கப்பட்டு, பிற்காலத்தில் உலகெங்கும் வழங்கிற்று. நோயை எழுப்பும் தூசும், நோயைத் தணிக்கும் மருந்தும் ஒரே இலையில் இருந்தன. மருந்து தேடிய கண்கள் அதனை விரைவில் கண்டன. தூசினைக் காண மேலும் எண்பது ஆண்டுகள் சென்றன.

இத்தாமதத்தின் காரணம் யாது? ஆராய்ச்சிக் கருவிகளின் குறை மட்டும் அன்று. ரமாசினியிடம் கருவி ஏதும் இருந்திலது. தொழிலாளரை நோக்கிக் கேட்கும் வினா இருந்தது. மலைநாட்டில் அவ்வினாவைக் கேட்பித்தற்கு மக்களிடம் வலிமை இருக்கவில்லை. 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் இந்திய வழித் தமிழர் பெரும்பாலோர் நாடற்றோராயினர். அடுத்த ஆண்டில் வாக்குரிமையையும் இழந்தனர். எஞ்சியோரின் சிக்கலைத் தீர்க்கும் சட்டம் 2003 இல் வந்தது. 1942 ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் தூசினின்று தொழிலாளரைக் காத்தலைக் கடமையாக்கியது. எனினும், இருமலைத் தூசோடு இணைத்து எழுதிவைப்பார் இல்லாதவிடத்து, சட்டம் காக்கவேண்டிய தீங்கே கண்ணுக்குத் தெரியாது போகும்.

வரலாறு தரும் பயன் இதுவே. மூக்கும் மார்பும் ஒரே காற்று வழியின் இரு பகுதிகள் என்பதை இன்றைய மருத்துவம் ஏற்றுள்ளது. தொழிலால் வரும் தொய்வுக்கு முன்னோடியாகத் தும்மலும் மூக்கடைப்பும் பலரிடம் தோன்றுதல் உண்டு. சலிக்கும் அறையில் தும்மும் பெண் ஓய்வுநாளில் நலமாயிருந்து, வேலைக்கு மீண்டதும் மறுபடி தும்முவாராயின், அச்செய்தியே முதற்சான்றாகும். அதனைக் கேட்டறிய ஓர் ஏடும் எழுதுகோலும் போதும். மார்புறிஞ்சி மருந்துகள் இக்காலத்தில் நோயை நன்கு அடக்குகின்றன. ஆயினும் தூசு நீங்காதவரை நோயின் வேர் நீங்காது. தூசை எழும் இடத்திலேயே உறிஞ்சி அகற்றும் பொறியும், நோயுற்றவரை ஊதியம் குறையாமல் வேறு வேலைக்கு மாற்றும் முறையுமே உண்மைத் தீர்வாகும்.

செதிற்பூச்சியின் கால்களை எண்ணிய பொறுமை பூண்டுலோயாவின் விஞ்ஞான மரபு. அதே பொறுமையோடு அம்மலைகளின் ஒவ்வொரு ஸ்டோரிலும் மனிதரின் மூச்சு எண்ணி எழுதப்படும்போதே அம்மரபு நிறைவுபெறும்.