ராஜபாளையம் நாய் பிறந்த கதை

நாட்டுத் துப்பாக்கியை நிரப்புவது எப்படி என்று தெரிந்தால்தான் ராஜபாளையம் நாயின் அருமை முழுதாகப் புரியும். துப்பாக்கியை நிமிர்த்தி வைத்து, குழலின் வாய்ப்பக்கமாகக் கருமருந்தைக் கொட்டவேண்டும். தேங்காய் நாரை உருட்டித் திணித்து, நீளக் கம்பியால் குத்தி இறுக்கவேண்டும். அதன்மேல் ஈயக்குண்டோ ரவையோ போடவேண்டும். குண்டு உருண்டு வெளியே விழாமல் இருக்க மறுபடி நார், மறுபடி குத்து. கை பழகியவருக்கே நேரம் பிடிக்கும் வேலை இது. மழைக்காலத்தில் மருந்து நமுத்துப் போனால் அத்தனையும் வீண். குழலுக்குள் புரி வெட்டியிருக்காது என்பதால் கொஞ்ச தூரம் போனதுமே குண்டு திசை மாறும். ஐம்பது கஜத்துக்குள் விலங்கு நின்றால்தான் நம்பிச் சுடலாம்.

அவ்வளவு பாடுபட்டு நிரப்பியும் கிடைப்பது ஒரே ஒரு வெடி. அது மானுக்குத் தவறினால் மான் போய்விடும், அதோடு முடிந்தது. காட்டுப்பன்றிக்குத் தவறினால் கதையே வேறு. அடிபட்ட பன்றி ஓடாமல் திரும்பி வரும். அதன் கோரைப்பல் தொடையைக் கிழித்துவிடும். மருந்தை எடுத்து, நாரைத் திணித்து, கம்பியால் குத்தி முடிக்கும்வரை அந்தப் பன்றியை யார் நிறுத்தி வைப்பது?

அதற்குத்தான் நாய். முதலில் புதருக்குள் கிடக்கும் பன்றியை எழுப்பவேண்டும். சுடும் தூரத்துக்குள் அதை வளைத்துக் கொண்டுவரவேண்டும். குண்டு தவறினால் காதையோ பின்னங்காலையோ கவ்வி நிறுத்தவேண்டும். துப்பாக்கியே கையில் இல்லாத காலத்தில் வேல்கம்போடு போனவர்களுக்கு நாய் இன்னும் அவசியம். வேல்கம்பு எட்டும் தூரத்தில் பன்றியை நிற்க வைப்பதென்றால் ஓட்டம் மட்டும் போதாது. அகன்ற நெஞ்சு, பலமான தாடை, அடிபட்டாலும் பின்வாங்காத குணம் எல்லாம் வேண்டும்.

ராஜபாளையத்தின் மேற்கே மலை சுவர்போல நிற்கிறது. அய்யனார் அருவிப் பக்கமோ, ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து செண்பகத்தோப்புப் பக்கமோ போனால் தோப்பு முடியும் இடத்திலேயே காடு தொடங்கிவிடும். பன்றியும் மிளாவும் புள்ளிமானும் இறங்கி வரும் அடிவாரம் அது. கிழக்கே சாத்தூர், கோவில்பட்டிப் பக்கம் போனால் கண்ணுக்கெட்டிய தூரம் கரிசல். மறைப்பில்லாத அந்த வெளியில் ஓடும் முயலைப் பிடிக்க மெலிந்து நீண்ட சிப்பிப்பாறை, கன்னி நாய்கள் உருவாயின. ராஜபாளையம் நாய்க்கும் ஓட்டக்கார நாயின் வாகு உண்டு. ஆனால் எலும்பு கனமானது, நெஞ்சு ஆழமானது, தோள்வரை உயரம் எழுபது சென்டிமீட்டரைத் தொடும். ஒரு மணி நேரத்துப் பயணத்துக்குள் மண் மாறுகிறது, இரை மாறுகிறது, அதோடு நாயின் உடம்பும் மாறுகிறது. இனம் என்ற சொல்லுக்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குக் கிடைத்ததில்லை.

இந்த நாய் விஜயநகரக் காலத்தில் தெலுங்கு நாட்டிலிருந்து இங்கே வந்து குடியேறிய ராஜுக்களோடு வந்தது என்று ஊரில் சொல்வார்கள். ராஜுக்கள் இங்கே வந்தபின் உள்ளூர் நாய்களிலிருந்து தேர்ந்தெடுத்து உருவாக்கினார்கள் என்றும் சொல்வதுண்டு. ஒரே நாளில், ஒரே ஆளின் கையில் எந்த நாயினமும் பிறப்பதில்லை என்பதால் இரண்டாவது பேச்சே எனக்கு நம்பும்படி இருக்கிறது. வேட்டையில் முன்நின்று உயிரோடு திரும்பிய கடுவனைத்தான் பெட்டைக்குச் சேர்ப்பார்கள். பன்றியைக் கண்டு பின்வாங்கியதன் வம்சம் தானே அற்றுப்போகும். தலைமுறை தலைமுறையாகக் காடே நடத்திய தேர்வு அது. மதுரை நாயக்கர்கள் நாட்டை எழுபத்திரண்டு பாளையங்களாகப் பிரித்துக் கொடுத்தபின், பாளையக்காரர்களின் அரண்மனைகளில் வேட்டையும் வேட்டை நாயும் கௌரவமாயின. பாளையக்காரர் நாய் என்ற பொருளில் ஆங்கிலேயர் இதைப் ‘பாலிகார் ஹவுண்ட்’ என்று அழைத்தது அதனால்தான்.

1801-ல் பாளையக்காரர் போர் முடிந்தது. கோட்டைகளை இடித்த கம்பெனி அரசு, அந்த ஆண்டு டிசம்பரில் தென்சீமை மக்கள் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது என்று அறிவித்தது. 1878-ன் ஆயுதச் சட்டம் துப்பாக்கிக்கு உரிமம் கேட்டது. நாய்க்கு யாரும் உரிமம் கேட்கவில்லை. கோட்டையும் படையும் போன பின்பும் தெற்குச் சீமையின் வீடுகளில் மிஞ்சிய வீரச்சின்னம் என்று நான் இந்த நாயைத்தான் சொல்வேன்.

இதற்கிடையே துப்பாக்கியும் மாறியது. 1866-ல் எட்வர்ட் பாக்ஸர் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி, மருந்தும் குண்டும் மருந்தைப் பற்றவைக்கும் பொறியும் ஒன்றாக அடங்கிய பித்தளைத் தோட்டாவைக் கொண்டுவந்தார். வாய்ப்பக்கம் குத்தி நிரப்பும் வேலை போயிற்று. புகையில்லா மருந்து செய்ய நீலகிரியின் அருவங்காட்டிலேயே இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தொழிற்சாலை வந்துவிட்டது. புரி வெட்டிய ரைபிளும் பித்தளைத் தோட்டாவும் வைத்திருந்தவருக்கு இருநூறு கஜத்திலும் குறி தவறாது. தவறினாலும் அடுத்த தோட்டா நொடியில் ஏறும். பன்றியைக் கவ்வி நிறுத்தும் நாய் அவருக்கு எதற்கு?

மீதியிருந்த வேலையை 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் முடித்து வைத்தது. 1988-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் மலைப்பகுதி சாம்பல் நிற அணில்களுக்கான சரணாலயமானது. 2021-ல் மேகமலையோடு சேர்த்துத் தமிழ்நாட்டின் ஐந்தாவது புலிகள் காப்பகமானது. மிளாவை மனிதர் விரட்டிய காட்டில் இன்று அது புலிக்கு இரை. அது சரியான முடிவு. வேட்டை திரும்பக் கூடாது. நாயை விட்டு மான் பிடிப்பதும் குற்றம்தான்.

ஆனால் வேலை போன நாய்க்கு என்ன ஆயிற்று என்பதையும் பார்க்கவேண்டும். வேட்டை இருந்தவரை நாயை அதன் வேலை தேர்ந்தெடுத்தது. வேட்டை நின்றதும் சந்தை தேர்ந்தெடுக்கத் தொடங்கியது. சந்தை கேட்டது நிறத்தை. செவலையும் கருப்பும் புள்ளியும் விழும் ஈத்துகள் இந்த இனத்தில் உண்டு. ஆனால் மறு இல்லாத பால்வெள்ளை உடம்பு, ரோஸ் மூக்கு, பொன் நிறக் கண் இருந்தால்தான் விலை. வெள்ளையையும் வெள்ளையையுமே சேர்த்துச் சேர்த்து வந்ததில் செவிட்டுக் குட்டிகள் பிறப்பது இந்த இனத்தின் துயரமாகிவிட்டது.

காரணம் எளிது. தோலுக்கு நிறம் கொடுக்கும் அதே வகை உயிரணுக்கள் உள்காதிலும் இருக்கவேண்டும். அங்கே கேட்கும் உணர்வணுக்களுக்கு ஆதாரமான திசுவைக் காப்பது அவைதான். முழு வெள்ளைக் குட்டிகள் சிலவற்றில் அவை உள்காதுவரை போய்ச் சேர்வதே இல்லை. பிறந்த இரண்டு வாரத்தில் செவித்துளை திறக்கும். அடுத்த சில வாரங்களுக்குள் உள்ளே எல்லாம் பட்டுப்போகும். டால்மேஷனிலும் இதே கதைதான்.

ஆறு வாரக் குட்டிகள் தாயைச் சுற்றிப் படுத்திருக்கும்போது பார்த்தால் இது தெரியும். தட்டில் கரண்டி படும் சத்தம் வந்ததும் எல்லாம் தலைதூக்கும். ஒன்று மட்டும் தூங்கிக்கொண்டே இருக்கும். மற்றவை எழுந்து ஓடுகையில் அதன் உடம்பில் இடிபட்ட பிறகே விழிக்கும். விழித்ததும் கூட்டத்தோடு ஓடிவிடும், குறை வெளியே தெரியாது. கூட்டத்தில் மற்றக் குட்டிகள்தான் அதற்குக் காது. தனியாக ஒரு வீட்டுக்குப் போன பிறகுதான், கூப்பிட்டால் வராத நாய், அடங்காத நாய் என்ற பழி அதன்மேல் விழும்.

2005-ல் இந்திய அஞ்சல் துறை நான்கு இந்திய நாயினங்களுக்குத் தபால்தலை வெளியிட்டது. ராஜபாளையம் அதில் ஒன்று. இந்திய விலங்கினங்களைப் பதிவு செய்யும் கர்னால் மத்தியப் பணியகமும் முறையாக இதைப் பதிவு செய்திருக்கிறது. பெருமைதான். ஆனால் பிழைக்க வைப்பது பெருமை அல்ல, நல்ல ஜோடி. தோட்டக் காவலும் வீட்டுக் காவலும் இந்த நாய்க்கு இன்று கிடைத்திருக்கும் நல்ல வேலைகள். இரண்டுக்கும் காது வேண்டும். நிறம் கலந்த ஆரோக்கியமான நாய்களை வளர்ப்பவர்கள் ஒதுக்காமல், ஒவ்வொரு ஈத்திலும் காதைச் சோதித்துவிட்டு, செவிடானதை இனப்பெருக்கத்துக்கு விடாமல் நிறுத்தினால் இரண்டு மூன்று தலைமுறையிலேயே மாற்றம் தெரியும்.

குட்டி வாங்கப் போகிறவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. உங்கள் குட்டியைத் தனியே எடுத்து விடச் சொல்லுங்கள். அதன் கண்ணில் படாமல், காற்று அசைவும் படாமல், பின்னால் தள்ளி நின்று ஒரு சொடக்குப் போடுங்கள். திரும்பிப் பார்த்தால் வாங்குங்கள், அது செவலையாக இருந்தாலும் சரி.