த்ரெட் லிஃப்ட்: பலனும் நிறைவும்

தொய்ந்த கன்னத்தையும் தாடையோரத்தையும், பெரிய அறுவை இல்லாமல், தோலுக்கடியில் நூல் செலுத்தி மேலே இழுத்து நிறுத்தும் அழகியல் சிகிச்சை த்ரெட் லிஃப்ட். மார்லென் சுலமனிட்ஸே 1990களின் பிற்பகுதியில் ரஷ்யாவில் அறிமுகப்படுத்திய ‘ஆப்டோஸ்’ நூல்கள் வழியாக இது பரவியது. அவை கரையாத பாலிபுரோப்பிலீனால் ஆனவை. இன்று அதிகம் பயன்படுபவை, தானே கரையும் பாலிடயாக்சனோன், பாலிலாக்டிக் அமில நூல்கள்.

முகம் மரத்துப்போக ஊசி போட்டபின், நெற்றிப்பொட்டருகே மயிரோரத்தில் சிறு துளையிட்டு, மழுங்கிய முனைக் குழாய் வழியே நூலைத் தோலடிக் கொழுப்புக்குள் செலுத்துவார்கள். நூலில் சாய்ந்த நுண்ணிய முட்கள் இருக்கும். இழுக்கும்போது அவை திசுவைக் கவ்வி மேலே தூக்குகின்றன. மிஞ்சிய நுனியைத் தோலோடு ஒட்ட நறுக்கிவிட்டால் அது உள்ளே மறைந்துவிடும். தளர்ந்த தோலை வெட்டி நீக்குவதோ அடியிலுள்ள தசைப்படலத்தை இறுக்கித் தைப்பதோ இதில் இல்லை. ஃபேஸ் லிஃப்ட் அறுவையின் ஆயுள் இதற்கு வாய்க்காத காரணம் அதுவே.

பாலிடயாக்சனோன் சுமார் ஆறு முதல் எட்டு மாதத்தில் கரைகிறது. நூலைச் சுற்றி உருவாகும் கொலாஜன் அதன்பின்னும் முகத்தைத் தாங்கும் என்பது விளம்பரங்களின் வாதம். ஆய்வுகள் அதற்கு வலுவாகத் துணைநிற்கவில்லை. முள்நூல் செலுத்தப்பட்ட 160 பேரைப் பற்றி 2019இல் வெளியான ஆய்வில், ஆறு மாதத்திலேயே பலன் குறைந்து, ஓராண்டில் எவரிடமும் எஞ்சவில்லை. சராசரியாக 21 மாதம் தொடர்ந்து கவனித்த 2009ஆம் ஆண்டு ஆய்வு, இம்முறையைத் தொடர்வதற்கே நியாயமில்லை என்று முடித்தது.

அப்படியிருந்தும், நிறைவடைந்தோர் மிகுதி எனப் பல ஆய்வுகள் கூறுகின்றன. அந்த நிறைவு பொய்யன்று. எப்போது கேட்கப்பட்டது என்பதுதான் கவனிக்க வேண்டியது. முதல் வாரங்களில் வீக்கமே சுருக்கங்களை நிரப்பி முகத்தை இளமையாகக் காட்டும். பல ஆய்வுகளில் ஒப்பீட்டுக் குழுவும் இல்லை. ஓராண்டு கழித்து, சிகிச்சை அளித்தவர் அல்லாத ஒருவர் கேட்டுப் பெறும் பதிலே நம்பத்தக்கது.

பக்கவிளைவுகளும் உண்டு: 2021இல் வெளிவந்த தொகுப்பாய்வின்படி வீக்கம் 35 சதவீதம், தோலில் குழிவு 10 சதவீதம், உணர்வு மாறுபாடு 6 சதவீதம், தொற்று 2 சதவீதம். பெரும்பாலானவை தாமே ஆறும். உணர்வு மாறுபாடும் நூல் வெளித்தள்ளப்படுவதும் கரையும் நூல்களில் குறைவு. தொய்வு இலேசாக உள்ளவர்களுக்கே இச்சிகிச்சை ஓரளவு பொருந்தும். தோல் மிகத் தளர்ந்தவர்களுக்குப் பரிந்துரைப்பது முறையன்று.